போகிற ஜலம்

புது வீடு கட்டுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஜலம் வருகிற வழியைப் பற்றி அவர்கள் படுகிற கவலைக்கு அளவே கிடையாது. காவிரி ஜலமா, ஆழ்துளைக் கிணற்று ஜலமா, மாடித் தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும், வெந்நீருக்குத் தனிக் குழாய் உண்டா, குழாயின் தலை எந்த மாதிரி என்றெல்லாம் விசாரித்து, கடை கடையாக ஏறி இறங்கிக் குடும்பத்தோடு ஒரு வாரம் விவாதம் செய்கிறார்கள். அதே ஜலம் வெளியே போகிற வழியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டவரை நான் இதுவரை கண்டதில்லை. "அதைக் கொத்தனார் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறார்கள். கொத்தனாரும் பார்த்துக்கொள்கிறார். அதாவது, சிமெண்டைப் போட்டு மூடி, மேலே பளபளவென்று டைல்ஸ் பதித்து, யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்கிறார்.

இந்த வாரம் போகிற ஜலத்தைப் பற்றியே பேசுவதாக உத்தேசம். காலைக் காப்பியோடு பத்திரிகையைப் பிரிக்கும் நேயர்கள் இப்பகுதியைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆனால் படிக்காமல் விட்டுவிடக் கூடாது.

தமிழில் இந்த விஷயத்துக்குச் சொற்பஞ்சம் இல்லை. அழுக்கு ஜலம் ஓடும் இடத்துக்கு அங்கணம் என்று பெயர். திருவள்ளுவர் 720-வது குறளில், தகுதியில்லாத கூட்டத்தில் பேசுவது அங்கணத்தில் அமுதைக் கொட்டுவது போலாகும் என்கிறார். தரைக்கு அடியில் மறைவாகச் செல்லும் நீர்வழிக்குச் சுருங்கை என்று பெயர். மதுரை நகரத்துச் சுருங்கையிலிருந்து ஜலம் பீறிட்டு வருவதை யானை துதிக்கையால் நீரை உமிழ்வதற்குப் பரிபாடல் ஒப்பிடுகிறது. நம்முடைய பாட்டிமார் ஜலதாரை என்றார்கள். தூம்பு என்று இன்னொரு சொல்லும் உண்டு. உள்ளே துளையுள்ள எதுவும் தூம்புதான்: மூங்கிலும் தூம்பு, யானையின் துதிக்கையும் தூம்பு, வீட்டில் ஜலம் வெளியேறும் துவாரமும் தூம்பு, ஏரி ஜலம் கரைக்கு அடியால் வயலுக்குப் போகிற வழியும் தூம்பு. இந்தக் கடைசிப் பொருளைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊராகிய புதுக்கோட்டையில் ஸ்நானத் தொட்டி வைத்த வீடுகள் அதிகம் இல்லை. கிணற்றடியிலும் கண்மாயிலும் குளித்துப் பழகிய ஜனங்களுக்கு, படுத்துக்கொண்டு குளிப்பது நோயாளியின் காரியமாகவே தோன்றும். ஆனால் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் சம்பாதிக்கிறவர்கள் இங்கே கட்டுகிற வீடுகளில் இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டிகள் தலைகாட்டுகின்றன. என் நண்பர் ஒருவர் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. வெள்ளை வெளேரென்று ஓர் ஆள் நீளம். வீட்டுக்காரர் வருஷத்தில் பதினோரு மாதம் சிங்கப்பூரில் வாசம். ஆகவே தொட்டியை அநுபவிக்கிறவர்கள் அவருடைய தாயாரும் பெண்ணுமே. பெண் அதில் ஜலம் நிரப்பிக் குளிப்பாள். தாயார் அதற்குள் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, வாளியிலிருந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வார். வெள்ளிக்கிழமைதோறும் இருவருக்கும் எண்ணெய் ஸ்நானம் உண்டு. அரப்புத் தூளும் சீயக்காயும் உண்டு.

சென்ற மாதம் அந்தத் தொட்டி மக்கர் செய்தது. ஸ்நானம் முடிந்து ஒரு மணி நேரமாகியும் கணுக்காலளவு ஜலம் அப்படியே நின்றது. கடையில் விற்கிற குழாய் சுத்தம் செய்யும் தூளை இரண்டு முறை கொட்டிப் பார்த்தார்கள். குழாய் வேலைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, சுற்றிலும் பதித்த டைல்ஸை உடைத்தாலொழியக் காரியம் நடக்காது என்று சொல்லிப் போய்விட்டார். டைல்ஸ் உடைபடும் என்றதும் அம்மாளுக்கு மனம் பொறுக்கவில்லை. தெருச் சாக்கடை அள்ளுகிற ஒருவரைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். நண்பர் சிங்கப்பூரிலிருந்து எனக்குத் தொலைபேசியில் சொல்லி, ஒரு நடை போய்ப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த மனிதரும் வந்து வாசலில் நின்றார். கையுறை இல்லை, காலில் செருப்பும் இல்லை. கையில் ஓர் இரும்புக் கம்பி மட்டும் இருந்தது. தொட்டியில் கொட்டிய தூளைப் பற்றி அவரிடம் யாரும் பிரஸ்தாபிக்கவில்லை. நான் சொன்னதும் அவர் தம் வலது முழங்கையைத் திருப்பிக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. "இது வேறொரு வீட்டில் வந்தது சார். அவர்களும் சொல்லவில்லை" என்றார்.

அந்தத் தூளில் இருப்பது பெரும்பாலும் காஸ்டிக் சோடா. ஜலத்தில் கரையும்போதே கொதிக்கிற அளவுக்குச் சூடாகும். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக மாற்றும். தலைமயிரையும் மெள்ள மெள்ளக் கரைக்கும். நல்ல குணம்தான். ஆனால் மயிரைக் கரைக்கிற வஸ்து மனிதனுடைய தோலையும் கரைக்கும், கண்ணைக் குருடாக்கும். அடைப்பு விலகாமல் போனால் அது குழாயின் வளைவிலேயே தங்கி, அடுத்தபடி யார் கையை விடுகிறாரோ அவருக்காகக் காத்திருக்கிறது. சிலர் அதற்கு மேல் போய், காஸ்டிக் பலிக்கவில்லையென்று கழிப்பறைக்கு வாங்கிய அமிலத்தையும் ஊற்றுகிறார்கள். இரண்டும் கலந்தால் பொங்கித் தெறிக்கும். அமிலத்தோடு பிளீச்சிங் தூள் கலந்தாலோ, குளோரின் வாயு கிளம்பும். முதலாவது உலக யுத்தத்தில் 1915-ம் வருஷம் போர்க்களத்தில் ஏவிய விஷவாயு அதுவே. கதவைச் சாத்திய ஸ்நான அறையில் அதைத் தயாரிக்க வேண்டிய அவசியம் ஒருவருக்கும் இல்லை. சமையல் சோடாவும் வினிகரும் சேர்த்து ஊற்றுகிற வைத்தியத்தால் ஆபத்தில்லை; பிரயோஜனமும் அதிகமில்லை. ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு, நுரை அடங்கியதும் வெறும் உப்பு ஜலமாகிவிடுகின்றன.

ஆகையால் அன்றைக்கு ஒன்றையும் திறக்கவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு, தேங்கிய ஜலத்தை மொண்டு கழிப்பறையில் ஊற்றினோம். பிறகு புது ஜலம் விட்டு வடியவிட்டு, மறுபடியும் விட்டு, மாலைவரை குழாயைக் கழுவினோம். வந்தவருக்கு இரண்டு நாள் கூலி பேசி, மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னேன். வேலை செய்வதற்கு அல்ல, யோசனை சொல்வதற்கு. அவர் முதலில் நம்பவில்லை.

தொட்டியின் உட்புறத்தைப் பார்த்தால் இரண்டு வாய்கள் தெரியும். அடியில் சல்லடைத் தகடு போட்டது ஒன்று. கால்மாட்டுச் சுவரில் உயரத்தில் வட்டத் தகடு போட்டது மற்றொன்று. மேல் வாய், தொட்டி நிரம்பி வழியாமல் மிகுதி ஜலத்தை இறக்குவதற்காக ஏற்பட்டது. இரண்டு வாய்களிலிருந்தும் வரும் குழாய்கள் தொட்டிக்குப் பின்னால் ஒன்றுகூடி, ஒன்றரை அங்குலக் குழாயாகக் கீழே இறங்கி, ஒரு வளைவில் புகுந்து வெளியேறுகின்றன. மேல் தகட்டில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதை ஒரு பக்கம் தள்ளினால் தொட்டி மூடிக்கொள்ளும். மறுபக்கம் தள்ளினால் திறந்துகொள்ளும். எப்படி மூடுகிறது என்பது வெளியே தெரியாது. இந்தத் தொட்டிகளின் சூட்சுமமெல்லாம் அந்தத் தகட்டுக்குப் பின்னால்தான்.

முதல் வேலை, அடி வாயை ஒரு கந்தைத் துணியால் மூடுவது. கழற்றுகிற திருகாணி துள்ளிக் குழாய்க்குள் விழுந்தால், ஓர் அடைப்பை எடுக்கப் போய் இன்னோர் அடைப்பைப் போட்டவர்களாவோம். தொட்டியில் பழைய போர்வை ஒன்றை விரித்தோம். திருப்புளி தவறி விழுந்தால் வெள்ளைப் பூச்சு பெயர்ந்துவிடும். மேல் தகட்டைப் பிடித்திருந்த திருகாணிகள் இரண்டு. கழற்றித் தகட்டை முன்னால் இழுத்தால், அதோடு சேர்ந்து ஒரு நீண்ட கம்பி வந்தது. அவசரப்படாமல் மேலும் கீழும் அசைத்து இழுக்க வேண்டும். கம்பியின் நுனியில் பித்தளையில் ஒரு கட்டை. அதைச் சுற்றிக் கறுப்பாக ஏதோ ஒரு பிராணி தொங்கியது. நன்றாகப் பார்த்தால் முழுவதும் தலைமயிர். அரப்புத் தூளும் எண்ணெயும் சோப்பும் அதில் குழைந்து களிம்பாக ஒட்டியிருந்தன.

இந்தக் களிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல ஜலத்தில் சோப்பு நுரைத்துக் கரைந்து போய்விடும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின ஜலத்தில் அது நுரைப்பதற்கு முன்னால் சுண்ணாம்போடு கூடித் தயிர்த் திப்பி போலப் பிரிந்து, படிந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பாறையைத் துளைத்து ஜலம் எடுக்கிற ஊர்களில் இது சகஜம். மயிரோ லேசில் மக்குவதில்லை. ஒரு மயிர் தகட்டில் சிக்கினால் அது அடுத்ததைப் பிடிக்கும்; வலையான பிறகு திப்பியைப் பிடிக்கும்; சீயக்காயின் சக்கை அதில் சிமெண்டுக்கு மணல் போல வந்து சேரும். எண்ணெய் ஸ்நானத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. தலையைத் துவட்டுவதற்கு முன் சல்லடைமேல் கிடக்கும் மயிரை விரலால் வழித்து ஒரு காகிதத்தில் போட்டால் பாதி வியாதி தீர்ந்தது.

அடித் தகட்டில் நடுவே ஒரே திருகாணி. அதை எடுத்ததும் உள்ளே கூட்டல் குறி போலக் குறுக்குக் கம்பி தெரிந்தது. அதிலும் இதே மூட்டை. நம்முடைய ஆலோசகர் தம் இரும்புக் கம்பியை ஓரமாக வைத்துவிட்டார். "இது இங்கே ஆகாது சார், குழாய் பொத்துப்போகும். பழைய குடை ஒன்று இருக்கிறதா?" என்றார். இருந்தது. குடைக் கம்பி ஒன்றை ஒடித்து நுனியைத் தூண்டில் போல வளைத்துக் கொடுத்தார். பெண் கையுறையும் பள்ளி ஆய்வுக்கூடத்துக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, தொட்டிக்குள் மண்டியிட்டு உட்கார்ந்து, இழுக்க ஆரம்பித்தாள். நான் கைவிளக்கைப் பிடித்தேன்.

"தம்பி, நீங்கள் பாடம் சொல்லிக் கொடுக்கிறவர்கள். குழந்தையை இதிலெல்லாம் கை வைக்கச் சொல்லலாமா? அதற்குத்தானே அவரைக் கூப்பிட்டேன்?" என்று அம்மாள் கதவோரம் நின்று வருத்தப்பட்டார். நான் பதில் சொல்வதற்குள் பெண் ஒரு முழ நீளத்துக்கு ஒரு சடையை வெளியே இழுத்துப் போர்வைமேல் போட்டாள். அம்மாள் குனிந்து பார்த்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பாதி வெள்ளை. என்னுடையதுதான்" என்றார். "மீதி என்னுடையது அப்பத்தா" என்றாள் பெண்.

அம்மாள் உள்ளே போய் ஒரு பழைய வாளியோடு திரும்பி வந்தார்.

அந்தக் கம்பியையும் அதன் நுனியிலுள்ள கட்டையையும் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது, இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று எனக்குத் தோன்றியது. கட்டையை இறக்கினால் ஜலம் நிற்கிறது, தூக்கினால் ஓடுகிறது. இதை எங்கள் சீமை ஜனங்கள் பல நூற்றாண்டுகளாகக் கல்லில் செய்து வைத்திருக்கிறார்கள். புதுக்கோட்டையைச் சுற்றியுள்ள பழைய கண்மாய்களில் ஜலம் வற்றிய காலத்தில் பாருங்கள்: கரையிலிருந்து சற்றுத் தூரம் உள்ளே இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றை இணைத்துக் குறுக்கே கற்பலகைகள்; பலகைகளின் நடுவே துவாரம். கோயில் மண்டபம் இடிந்து மிஞ்சிய தூண்கள் என்று வெளியூரார் நினைப்பதுண்டு. அதுதான் குமிழித் தூம்பு. அடியில் ஒரு கல் தொட்டி. அதன் மேல்மூடியில் ஒரு துவாரம். அந்தத் துவாரத்தை அடைக்க நீண்ட தண்டோடு கூடிய ஓர் அடைப்பு. பலகைகளின் துவாரங்கள் அந்தத் தண்டு சாயாமல் நேராக ஏறி இறங்குவதற்காக ஏற்பட்டவை. அடைப்பைத் தூக்கினால் ஜலம் சுழித்துக் குமிழியிட்டு உள்ளே இறங்கும். கரைக்கு அடியிலுள்ள சுருங்கை வழியாக வெளியேறி வாய்க்காலை அடையும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. மேல் துவாரத்துக்கு நீரோடி என்று பெயர். கல் தொட்டியின் பக்கத்தில், அடிமட்டத்தில், சிறு துவாரங்கள் வைத்தார்கள். அவற்றுக்குச் சேறோடி என்று பெயர். ஜலம் வேகமாக இறங்கும்போது, அந்த வேகம் சுற்றிலும் படிந்த சேற்றையும் இந்தச் சிறு துவாரங்கள் வழியாக இழுத்துச் செல்லும். வயலுக்குத் தண்ணீரோடு வண்டலும் போகும். தூம்பின் வாயும் தூர்ந்து போகாது. திறக்கும்போதே தன்னைச் சுத்தம் செய்துகொள்கிற சாதனம்! ஒரு கண்மாய்க்குக் குமிழி வைத்துக் கொடுப்பது கோயிலுக்கு விளக்கு வைப்பது போன்ற தர்மமாகக் கருதப்பட்டது. அப்படி வைத்தவர்களைப் பற்றிய கல்வெட்டுகள் இந்தப் பகுதியில் பல கிடைத்திருக்கின்றன. ஜலம் வெளியேறுகிற துவாரத்துக்காகக் கல்லில் பெயர் பொறித்துக்கொண்டவர்கள் அவர்கள். நாமோ ஸ்நான அறைத் துவாரத்தின்மேல் டைல்ஸ் பொறிக்கிறோம்.

1878-ம் வருஷம் புதுக்கோட்டைக்குத் திவானாக வந்த சேஷையா சாஸ்திரியார், இந்த ஊரைச் சீர்திருத்தியபோது பல்லவன் குளம், புதுக்குளம் முதலிய நீர்நிலைகளைச் செப்பனிட்டதை இங்குள்ள பெரியவர்கள் இன்றும் நன்றியோடு சொல்வதுண்டு. அது பெரிய கதை. வேறொரு வாரம் பார்க்கலாம்.

தொட்டிக்குத் திரும்புவோம். அடைப்பின் பெரும்பகுதி வந்துவிட்டது. மிச்சம் கீழேயுள்ள வளைவில் இருக்கக்கூடும். பாம்பு போல வளைகிற ஸ்பிரிங் கம்பி ஒன்று இரும்புக் கடையில் கிடைக்கும். அதை அடி வாய் வழியாக விட்டால் முதல் திருப்பத்திலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். மேல் வாய் வழியாக விட்டால் நேரே இறங்கி வளைவுக்குள் திரும்பிக்கொள்ளும். இதுவும் ஆலோசகர் சொன்னதே. நாலைந்து முறை திருகித் திருகி இழுத்த பிறகு, தொட்டி பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம் செய்து, விட்ட ஜலத்தையெல்லாம் விழுங்கிவிட்டது. ஒரு டைல்ஸையும் உடைக்கவில்லை.

திரும்பப் பூட்டுவதில் ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். கட்டையில் படிந்த சுண்ணாம்பை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். கம்பியின் நடுவே மரையும் ஒரு சிறு பூட்டு நட்டும் இருக்கின்றன. அதைத் திருகிக் கம்பியை நீட்டலாம், குறைக்கலாம். நீளம் அதிகமானால் நெம்புகோலைத் திறந்த பிறகும் கட்டை வழியை விட்டு முழுதும் விலகாது. ஜலம் மெதுவாகவே வடியும். குறைந்துபோனால் தொட்டியில் ஜலம் நிற்காது. எடுத்த நீளத்தில் மாற்றாமல் வைப்பதே உசிதம். அடியிலுள்ள பெரிய வளையத்தை, கசிவு இருந்தாலொழியக் கழற்றவே கூடாது. அது தொட்டியோடு புட்டி வைத்து ஒட்டியது. கழற்றினால் மறுபடியும் புதிதாக ஒட்ட வேண்டும்.

வளைவு என்று சொன்னேனே, அது எதற்கு என்று கேட்கலாம். குழாயை நேராக விட்டால் ஜலம் இன்னும் சுலபமாகப் போகாதா? போகும். சாக்கடையின் நாற்றமும் கரப்பான் பூச்சியும் அதே சுலபத்தோடு மேலே வரும். 1775-ம் வருஷம் லண்டனில் அலெக்ஸாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர், குழாயை வளைத்து அதில் எப்போதும் சிறிது ஜலம் நிற்கும்படி செய்து, கழிப்பறைக்கு உரிமை பெற்றார். இரண்டங்குல ஜலம் கதவாக நின்று நாற்றத்தைத் தடுக்கிறது. சக்கரமும் வில்லும் வைத்து வேலை செய்த மனிதர், அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத இந்தச் சாதனத்தைக் கண்டார். அழுக்கு தங்குவதும் அந்த வளைவிலேதான். விரலிலிருந்து நழுவிய மோதிரம் அகப்படுவதும் அதிலேதான். எனவே அது கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். தொட்டியின் கால்மாட்டில் ஒரு சிறு கதவு வைத்திருந்தால், கீழே வாளியை வைத்து, இரண்டு பக்கத்து நட்டையும் கையாலேயே திருகி, வளைவைக் கழற்றிக் கழுவி மாட்டிவிடலாம். பிளாஸ்டிக் நட்டுக்கு ஸ்பானர் வேண்டாம், முறுக்கினால் விண்டுபோகும். வாஷரின் சரிவான பக்கம் மரையுள்ள குழாயை நோக்கி இருக்க வேண்டும். பிறகு தொட்டியை நிரப்பித் திறந்துவிட்டு, மூட்டுகளின் கீழே காய்ந்த செய்தித்தாள் ஒன்றை விரித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவைக் காகிதம் காட்டிக்கொடுக்கும்.

இந்தக் கதவு வைக்கிற யோசனை புதிதல்ல. சுமார் 4,500 வருஷங்களுக்கு முன் சிந்து நதிக்கரையில் மொஹஞ்சதாரோ நகரத்தைக் கட்டியவர்களுக்கு இது தெரியும். 1920-களில் ஜான் மார்ஷல் தலைமையில் தோண்டியெடுத்த அந்த நகரத்துப் பெரிய ஸ்நான குளம் ஏறக்குறைய 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். அதன் ஒரு மூலையில் ஜலம் வெளியேறும் வாய் இருக்கிறது. அதிலிருந்து போகும் செங்கல் கால்வாய், உள்ளே ஓர் ஆள் நின்று நடக்கும் உயரம். வீடுகளின் ஸ்நான அறைகளில் தளத்தை ஒரு மூலைக்குச் சரித்து, தெருச் சாக்கடையோடு இணைத்தார்கள். தெருச் சாக்கடையை மூடிய செங்கற்களும் கற்பலகைகளும் எடுத்து வைக்கக்கூடியவை. மூடத் தெரிந்தவர்கள், திறக்கவும் வழி வைத்தவர்கள்.

திறக்க வழி வைக்காத வீட்டில் என்ன நடக்கிறது? அடைப்பு பெரிதாகும்வரை ஒருவரும் தொடுவதில்லை. பெரிதான பிறகு, வீட்டார் யாரும் தொட விரும்புவதில்லை. அப்போது ஏழை ஒருவரை அழைத்து, ஐந்நூறு ரூபாயைக் காட்டி, கையை விடச் சொல்கிறோம். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது நமக்குத் தெரியும். ஏன் அந்தத் தெருவிலிருந்தே வருகிறார் என்பதும் தெரியும். ஸ்நானத் தொட்டியில் கிடப்பது நம்முடைய சொந்தத் தலைமயிர். காலையில் சீவி முடித்த அதே மயிர், இரண்டடி கீழே இறங்கியதும் மற்றொருவர் கையால்தான் தொடத்தக்கது என்று எப்படி ஆயிற்று என்று எனக்கு விளங்கவில்லை.

கழிவுத் தொட்டியின் விஷயம் முற்றிலும் வேறு. அதை வீட்டாரும் திறந்து இறங்கக் கூடாது, வேறு யாரையும் இறக்கவும் கூடாது. அதில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு தேங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டையின் நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கின் உணர்வையே அது கொன்றுவிடுவதால் நாற்றம் இல்லை என்று நினைத்து இறங்கியவர் அங்கேயே விழுந்துவிடுகிறார். அவரைத் தூக்கப் போனவரும் விழுகிறார். கையால் மலம் அள்ளும் வேலையில் ஒருவரை அமர்த்துவதையும், பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் ஆளை இறக்குவதையும் 2013-ம் வருஷத்துச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்ச ரூபாய் தர வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் 2014-ல் உத்தரவிட்டது. 2023-ல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டிய நிலை ஏற்பட்டது என்பதிலிருந்தே சாவு நின்றபாடில்லை என்று தெரிகிறது. உறிஞ்சும் யந்திரம் பூட்டிய லாரியை அழைப்பது ஒன்றே வழி. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக ஆளை இறக்குகிற வீட்டுக்காரரைக் குற்றவாளி என்று சொல்வதற்கு நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஸ்நானத் தொட்டி இல்லாத பெரும்பாலான நேயர்களுக்கு மேற்படி வேலை இன்னும் எளிது. உங்கள் ஸ்நான அறையின் மூலையில் ஒரு ஜாலி இருக்கிறது அல்லவா? அதைத் தூக்குங்கள். உள்ளே கவிழ்த்து வைத்த கிண்ணம் போல ஒன்று இருக்கும். அந்தக் கிண்ணத்தின் விளிம்பு ஜலத்தில் முழுகி நிற்பதே கம்மிங்கின் வளைவுக்குச் சமானம். பலருடைய வீட்டில் அந்தக் கிண்ணத்தைக் காணோம். எப்போதோ ஒரு நாள் ஜலம் மெதுவாகப் போகிறதென்று யாரோ எடுத்து எறிந்திருப்பார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஒரு வாடை. ஊதுவத்தி கொளுத்துவதற்குப் பதில் ஒரு புதுக் கிண்ணம் வாங்கிப் போடலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கையுறை மாட்டி, எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, அப்படியே வைத்துவிட்டால் பத்து நிமிஷ வேலை. பிள்ளைகளும் செய்யலாம், ஆண் பிள்ளைகள் அவசியம் செய்யலாம்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு: டைல்ஸ் பதிப்பதற்கு முந்தைய தினம் கொத்தனாரை நிறுத்தி, ஒவ்வொரு வளைவும் எங்கே இருக்கிறது, அதை எந்தப் பக்கமாகத் திறப்பது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் பதிக்க விடாதீர்கள். குழாய்கள் திறந்திருக்கும்போதே ஒரு புகைப்படம் எடுத்து வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். நண்பர் வீட்டுத் தொட்டிக்கும் இப்போது கால்மாட்டில் கதவு வைத்தாயிற்று. நம்முடைய ஆலோசகரே மேஸ்திரிக்கு இடம் காட்டினார். அதற்குத் தனிக் கூலி.

வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் மூக்கைப் பிடிக்க நேர்ந்தால், எலி செத்துக் கிடக்கிறது என்று தேடாதீர்கள். வளைவிலும் கிண்ணத்திலும் நின்ற ஜலம் நம் ஊர் வெயிலில் ஆவியாகிக் காய்ந்துபோயிருக்கும். ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு செம்பு ஜலம் ஊற்றிச் சற்றுப் பொறுத்தால் போதும். புறப்படுகிற அன்றே செய்வதானால், ஜலம் ஊற்றிய பிறகு அதன்மேல் ஒரு கரண்டி கடலெண்ணெயை விட்டுவிட்டுப் போங்கள். ஜலத்தின்மேல் எண்ணெய் ஏடு போல மிதந்து, அது காயாமல் பல நாள் காக்கும்.